நேரில் வந்தவருக்கு மட்டும்

லண்டனுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தவன் ஒன்றில் டாக்டராக இருக்க வேண்டும், இல்லையென்றால் அட்வகேட்டாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒரு படிப்பு இருப்பது கண்டிக்குப் பக்கத்துக் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக் கடைக்காரர்களுக்குத் தெரியாது. அதனால் ஹபீல் கப்பலை விட்டிறங்கி ஊருக்கு வந்த புதிதில் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டியவர்களும் இருந்தார்கள், எல்லைத் தகராற்றைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் இருந்தார்கள். தான் படித்தது அரசாங்க நிர்வாகம், ஒரு சட்டத்தை எப்படிப் போடுவது, எப்படி நடத்துவது, அது எங்கே பிசகுகிறது என்று ஆராய்கிற படிப்பு என்று அவனும் விளக்கிப் பார்த்தான். வாழைக்குலை ஏலம் விடுகிற ஒருவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அதை ஆளுகிறவனல்லவா படிக்க வேண்டும், நீ ஏன் படித்தாய் என்று கேட்டார். 

அவனுடைய மாமா சாஹுல் ஹமீதுக்கு மட்டும் அந்தப் படிப்பில் சந்தேகமே இருந்ததில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் கருவாடும் கொச்சிக்காயும் விற்கிற சின்னக் கடை அவருடையது. தராசைப் பிடித்தபடியே வருகிறவர் போகிறவரிடம், "தொரமாருக்கே எப்படி ஆளுறதுன்டு எங்கட புள்ள படிச்சிக் குடுக்கப் போறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஹபீல் அவர் பெற்ற பிள்ளை அல்ல. எட்டு வயதில் உம்மா மௌத்தாகி, வாப்பா மாத்தளையில் வேறு கலியாணம் முடித்துக்கொண்டு போனபோது, வாப்பாவின் தங்கை ருக்கியா மாமிதான் அவனைக் கூட்டிவந்து சோறு போட்டு வளர்த்தாள். அந்த வீட்டில் றம்லத் என்று ஒரு பெண் இருந்தாள். நெடுங்காலம் கழித்து ஹிதாயா என்று இன்னொன்றும் பிறந்தது. றம்லத் ஹபீலுக்குத்தான் என்பது அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்த விசயம். யாரும் பேசி முடித்ததில்லை, பேச வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

ஹபீலும் மாட்டேன் என்று சொன்னவனில்லை. லண்டனில் வேறு யாரையும் மனதில் வைத்துக்கொண்டு வந்தவனும் இல்லை. ஆனால் திரும்பி வந்த பிறகு அந்த வீட்டுப் படியில் கால் வைக்கும்போதெல்லாம் கருவாட்டு வாடை அவனுக்கு முகத்தில் அடித்தது. கொழும்புக் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளன் வேலை. கூடப் படிப்பிக்கிறவர்கள் நீதவான் மகளையும் டாக்டர் மகளையும் கட்டியவர்கள். உத்தியோகம் நிரந்தரமாகட்டும், பிறகு பார்ப்போம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மாமி வீட்டுக்குப் போனால் பேச்சு வரும் என்று போவதையே குறைத்துக்கொண்டான். சொந்த மாமியிடம் ஒளித்து விளையாடுகிற அளவுக்குப் படித்திருந்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருசம் ஒக்டோபர் மாதக் கடைசியில் சாஹுல் ஹமீது கடையில் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மௌத்தானார். ஹபீல் ஓடி வந்தான், உடலைச் சுமந்த சந்தூக்கைத் தூக்கினான், அழுதான். அன்றைக்கே பின்னேர ரயிலில் கொழும்புக்குப் போய்விட்டான். ருக்கியா மாமி வெள்ளை உடுத்து இத்தா இருக்கப் போனாள். புருசன் போனால் நாலு மாதமும் பத்து நாளும் பெண் வாசலைத் தாண்டக் கூடாது, அந்நிய ஆண் பார்வையில் படக் கூடாது. வேறு ஊர்களில் எப்படியோ, அந்த ஒழுங்கையில் அதை இம்மியும் பிசகாமல் நடத்துவார்கள். றம்லத்தும் கலியாணமாகாத கொமர்ப் பிள்ளை, அவளும் தெருவுக்கு இறங்குவதில்லை. கடை பூட்டிக் கிடந்தது. வீட்டில் வெளியே போகிற ஆள் என்று இருந்தது ஆறு வயது ஹிதாயா ஒன்றுதான்.

அந்த வருசம் மழை ஏமாற்றிவிட்டது. மகாவலி வற்றி, பாலத்துக்குக் கீழே பாறையும் பாறைக்கு நடுவில் குட்டையுமாகக் கிடந்தது. யானை குளிப்பாட்ட வந்த பாகர்கள் முழங்கால் ஆழத்துக்கு இடம் தேடி அலைந்தார்கள். குட்டைகளில் நுளம்பு பெருத்தது. டிசம்பர் பிறந்ததும், டாக்டர்கள் மலேரியா என்கிற குளிர்காய்ச்சல் வீடு வீடாக விழ ஆரம்பித்தது. போர்வைக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் பாய் என்று போட்டும் பல்லடிக்கிற குளிர். பிறகு அனல். பிறகு வேர்த்துக் கொட்டி ஆள் எழும்பி உட்கார்ந்துவிடும். அடுத்த நாள் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். அதற்கடுத்த நாள் அதே நேரத்துக்கு மறுபடியும் வரும். கூலிக்குப் போகிறவன் படுத்தான், வயல் வெட்டுகிறவன் படுத்தான். நோன்பும் அந்த மாதத்தில்தான் பிறந்தது. பள்ளிவாசலில் கஞ்சிக்கு அரிசி கொடுக்கிறவர்களே அரிசிக்கு அலைந்தார்கள்.

கண்டி நகரத்துப் பெரிய மனிதர்கள் கூடி ஒரு நிவாரணக் கமிட்டி அமைத்தார்கள். தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற வெள்ளைத் துரை ஒருவர் தலைவர். பாலத்தடியில் ஒரு பழைய அரிசிக் கிட்டங்கியை எடுத்து, அரிசியும் பருப்பும் காய்ச்சலுக்குக் கொயினாத் தண்ணியும் கொடுக்கத் தொடங்கினார்கள். முதல் கிழமை அடிபிடிதான். பலமுள்ளவன் முன்னால் போனான், ஊர்த் தலைமைக்காரர் ஆராச்சிக்கு வேண்டியவன் இரண்டு தரம் வாங்கினான், கொயினாப் போத்தல் கடையில் விலைக்கு வந்தது. தலை சுற்றிப்போன துரை, கல்லூரி விடுமுறையில் கண்டியில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஹபீலைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆளனுப்பிக் கூப்பிட்டார். நீ படித்த படிப்புக்கு இதோ ஒரு பரீட்சை என்றார்.

ஹபீலுக்குத் தலைகால் புரியவில்லை. நிரந்தர உத்தியோகத்துக்குச் சொந்தமாக ஓர் ஆராய்ச்சி வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். அது தானாக மடியில் வந்து விழுந்தது. கிட்டங்கியின் மேல்தட்டில் ஒரு மேசையும் கதிரையும் போட்டுக்கொண்டு, கீழே நடப்பதைக் காலையிலிருந்து பார்த்தான். யார் வருகிறார்கள், எப்படி வருகிறார்கள், எங்கே ஏமாற்றுகிறார்கள் என்று கண்ணும் கருத்துமாகப் பார்த்தான். மூன்றாம் நாள் ஓர் ஆள் அகப்பட்டான். வெற்றிலைக் காவி ஏறிய வாய், தோளில் துவாய், கையில் நாலு வெறும் பை. வரிசையில் வந்தான், ஒரு பெயரைச் சொல்லி அரிசி வாங்கினான். பையை வெளியே வைத்துவிட்டு மறுபடியும் வரிசையில் நின்று இன்னொரு பெயரைச் சொன்னான். நாலாம் தரமும் வந்தபோது ஹபீல் மேலிருந்து ஆராச்சிக்குக் கை காட்டினான். ஆராச்சி அவனைக் கையும் களவுமாகப் பிடித்து வெளியே இழுத்தார்.

அந்த ஆள் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என்னவோ சொல்வதும், ஒழுங்கைப் பக்கம் விரலைக் காட்டுவதும் மேலே தெரிந்தது. சத்தம் கேட்கவில்லை. இறங்கிப் போய்க் கேட்க வேண்டும் என்று ஹபீலுக்குத் தோன்றவும் இல்லை. அவனுக்கு வேண்டிய உதாரணம் கிடைத்துவிட்டது.

அந்தக் கிழமையே திட்டம் எழுதினான். அரிசியும் மருந்தும் குடும்பத் தலைவர் நேரில் வந்தால் மட்டும். ஒருவர் பங்கை இன்னொருவர் கையில் கொடுக்கக் கூடாது. கொயினாவை மருந்து கொடுக்கிற அப்போதிக்கரி பார்க்க அங்கேயே குடிக்க வேண்டும். பிள்ளைகளைத் தலைவர் கூட்டி வர வேண்டும். எழும்ப முடியாத நோயாளி என்றால் ஆராச்சி துண்டு தர வேண்டும். நறுக்குத் தெறித்தாற்போல இருந்தது. எழுதிக்கொண்டு போகையில் ஓரிடத்தில் பேனா நின்றது. இத்தா இருக்கிற வீடுகள்? அவள் நோயாளி அல்ல, வரவும் முடியாதவள். "மத வழக்கப்படி வீட்டை விட்டு வெளிவராத பெண்களுக்கு" என்று ஒரு வரி எழுதினான். எழுதியதை வாசித்துப் பார்த்தான். கமிட்டியில் ஒரே ஒரு முஸ்லிம் அவன்தான். தன் ஆட்களுக்கு என்று ஒரு பின்வாசலைத் திறந்து வைத்திருக்கிறான் என்று நினைப்பார்கள். பக்கம் சாராதவன் என்ற பெயர் இந்தத் தொழிலில் உயிர் மாதிரி. அதைத்தான் லண்டனில் முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வரியைக் கோடு போட்டு வெட்டினான். அப்படி எத்தனை வீடு இருக்கப் போகிறது, அக்கம்பக்கம் பார்த்துக்கொள்ளும் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டான். மாமி வீடு அந்த நேரம் ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். வந்தது. ஞாபகம் வந்ததால்தான் வெட்டினான்.

திட்டம் ஓடியது. வரிசை அமைதியாயிற்று. முன்பு மத்தியானத்துக்குள் தீர்ந்த அரிசி இப்போது பின்னேரமும் மிஞ்சியது. துரை வந்து பார்த்துவிட்டு ஹபீலின் முதுகில் தட்டினார். கண்டியில் ஒரு கூட்டம் கூட்டுவதாகவும், கல்லூரிப் பேராசிரியரை அழைப்பதாகவும், ஹபீல் அதில் இதை ஒரு கட்டுரையாக வாசிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அந்த நாட்களில்தான் பள்ளிவாசலில் பாங்கு சொல்லுகிற மோதினார் ஹாஷிம் கிட்டங்கிக்கு வந்தார். மாமி வரச் சொன்னாள் என்றார். என்ன விசயம் என்று ஹபீல் கேட்க, மோதினார் தாடியைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

"என்ன விசயமா? மாமாவும் மௌத்தாகிட்டாரு, கொமரும் ஊட்டுல ஈக்கி. நல்ல காரியமாத்தான் ஈக்கும்."

ஹபீலும் அப்படித்தான் நினைத்தான். வேலை முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினான். நாலைந்து நாள் கழித்து மோதினார் மறுபடியும் வந்தார். கட்டாயம் வரட்டுமாம் என்றார். கூட்டம் முடியட்டும், பெருநாளைக்கு வருகிறேன் என்றான். கிட்டங்கியிலிருந்து அந்த ஒழுங்கை கூப்பிடு தூரம். மேல்தட்டு யன்னலால் எட்டிப் பார்த்தால் மாமி வீட்டு ஈரப்பலா மரம் தெரியும். அவன் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு கட்டுரையை எழுதினான்.

கூட்டம் சிறப்பாக நடந்தது. ஒரே ஆள் நாலு குடும்பத்தின் பங்கை வாங்கிய கதையை அவன் சொன்னபோது சபை சிரித்தது. பேராசிரியர் கையைக் குலுக்கி, இந்த வருசத்தோடு உன் உத்தியோகம் நிரந்தரம் என்று நினைத்துக்கொள் என்று காதோடு சொன்னார்.

மூன்றாம் தரம் ஹாஷிம் மோதினார் வந்தபோது பெருநாளைக்கு இன்னும் சில நாள் இருந்தது. அவர் சிரிக்கவில்லை. படியேறி வந்த இளைப்போடு கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சின்னப் புள்ள மௌத்து, ஹபீல். ஹிதாயா."

அவன் எழும்பிய வேகத்தில் மைக்கூடு கவிழ்ந்தது. ஒழுங்கையில் ஓடினானா நடந்தானா என்று பிறகு அவனுக்கு ஞாபகமில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டி வெள்ளைத் துணியில் சுற்றி நடு அறையில் வைத்திருந்தார்கள். முகம் மெழுகு மாதிரி மஞ்சளாக, உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. பக்கத்து வீட்டு ரபீகா தலைமாட்டில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். மாமி உள்ளறையில் பாயில் உட்கார்ந்திருந்தாள். அண்ணன் மகன் என்பதால் அவன் உள்ளே போகலாம். போனான். மாமி அவன் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். ஆறுதல் சொல்ல வேண்டியவனுக்கு அவள் ஆறுதல் சொன்னாள்.

"அழாத மகன். அல்லாஹ் தந்தான், எடுத்துக்கிட்டான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காய்ச்சல். விட்ட நாளு முத்தத்துல ஓடி வெளையாடுவா. நான் கொத்தமல்லியும் மரமஞ்சளும் அவிச்சு அவிச்சுக் குடுத்தேன். சரியாகும் சரியாகும்டு நெனச்சேன்."

கிட்டங்கிக்கு ஏன் அனுப்பவில்லை என்று ஹபீல் கேட்டான். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது. ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"எப்படி அனுப்புறது? நான் இத்தாவுல ஈக்கிறேன். ஊட்டுக்குப் பெரியவங்கதான் நேர்ல வரோணுமாமே. அது நீ போட்ட சட்டம்டு மோதினார் சென்னாரு." மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அந்த அழுகைக்குள்ளும் குரலில் ஒரு பெருமை இருந்தது. "களவா வாங்கித் தாறேன்டு ஆக்கள் வந்தாங்க. நான் ஏலாதுன்டுட்டேன். எங்கட புள்ள போட்ட சட்டத்த நாங்களே மீறினா, ஊரு ஒன்னயல்லவா ஏசும்? அதான் ஒனக்கு ஆளனுப்பினேன். நீ வந்தா, நீ அவள தூக்கிக்கிட்டு போவாய், ஊட்டு ஆம்புள நீதானேன்டு. ஒனக்கு வேல. எனக்குத் தெரியும் மகன்."

காய்ச்சல் என்று மோதினாரிடம் சொல்லியிருக்கலாமே என்றான். அவர் பள்ளியில் போய்ச் சொல்வார், புருசன் போய் மாதம் இரண்டாகவில்லை, ருக்கியா வீட்டில் உலை வைக்க இல்லை என்று ஊர் பேசும், மாமா பேருக்கு அது ஏன் என்றாள். ஹபீலால் அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை.

சந்தூக்கு வேண்டியிருக்கவில்லை. அவனே இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மையவாடிக்கு நடந்தான். கை மாற்ற வந்தவர்களிடம் கொடுக்கவில்லை. அடக்கிவிட்டுத் திரும்புகையில் ஒழுங்கை முனையில், மூடிக் கிடந்த வெற்றிலைப் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில், ஓர் ஆள் தலையில் துவாயைப் போர்த்துக்கொண்டு நடுங்கியபடி நின்றான். வெற்றிலைக் காவி ஏறிய வாய். ஹபீல் லண்டனில் இருந்தபோது தெல்தோட்டைத் தோட்டத்தை விட்டு வந்து அங்கே கடை போட்ட பெரியதம்பி அவன். மற்றவர்களைப் போகவிட்டு ஹபீல் நின்றான்.

"கும்பிடுறேங்க" என்றான் பெரியதம்பி. "காய்ச்சலுங்க எனக்கு, இல்லன்னா கூடவே வந்திருப்பேன். சின்னப் பாப்பாவுக்கு எங்கிட்ட ரொம்பப் பிரியமுங்க."

அன்றைக்கு நாலு பேர் பெயரைச் சொல்லி வாங்கினாயே, அது யாருக்கு என்று ஹபீல் கேட்டான்.

"எனக்கு ஒன்னு, மத்த மூனு இந்த ஒழுங்கைக்கு. அந்தக் கோடி வீட்டுல ஒரு அம்மா, மாமி மாதிரியே வெள்ள கட்டி உள்ளுக்கு இருக்காங்க. நடு வீட்டுல பக்கவாதக் கெழவரு. அப்புறம் மாமி வீடு. காலையில வெறும் பையை வேலிக் கம்புல மாட்டி வச்சிருவாங்க. நான் எடுத்துக்கிட்டுப் போயி அரிசி வாங்கி, மருந்துப் போத்தலையும் வாங்கி, குசினிப் படியில வச்சுட்டு இருமிட்டு வந்துருவேன். பொம்பளைங்க முகத்தப் பாக்கக் கூடாதில்லீங்களா. ஆராச்சி ஐயாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். மேல இருக்கிற தொர உத்தரவு, கிட்டங்கிப் பக்கமே வராதேன்னுட்டாரு. அப்புறம் எம் பங்குல பாதிய மாமிக்குக் கொண்டாந்தேன். அந்தம்மா கதவுக்கு உள்ள இருந்தே வேணாம்னுட்டாங்க." சிறிது நேரம் மூச்சு வாங்கினான். "மேல இருந்த தொர நீங்கதான்னு அப்பத் தெரியாதுங்க. தெரிஞ்சிருந்தா நேரா உங்ககிட்டயே வந்து சொல்லியிருப்பேன்."

அவன் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தான். அதைத் தாங்குவதுதான் ஹபீலுக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த நாளே ஹபீல் துரையின் பங்களாவுக்குப் போனான். திட்டத்தில் பிழை இருக்கிறது, இத்தா இருக்கிற பெண்களுக்கு வேறு ஆள் வாங்கிக் கொடுக்க இடம் வைக்க வேண்டும், பெரியதம்பியின் மேல் போட்ட தடையை எடுக்க வேண்டும் என்றான். தன் வீட்டில் ஒரு பிள்ளை இறந்ததையும் சொல்ல வாயெடுத்தான். துரை அதற்குள் சந்தோசப்பட்டுவிட்டார். அருமை, இதுதான் எங்களுக்குத் தெரியாத விசயம், உன்னைப் போல உள்ளூர் ஆள் இருந்தால்தான் இப்படி நுணுக்கமாகப் பார்க்க முடியும், உடனே கட்டுரையிலும் சேர் என்று சொல்லி, தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னார்.  பீங்கான் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்தான்.

அவன் வெட்டிய அதே வரி மறுபடியும் எழுதப்பட்டது. மற்ற ஊர்க் கமிட்டிகளும் அதை எடுத்துக்கொண்டன. கட்டுரை கொழும்பில் அச்சானபோது அந்த வரிக்குத்தான் பாராட்டு வந்தது. சட்டத்தை ஊர் வழக்கத்தோடு பொருத்திப் பார்க்கத் தெரிந்த இளைஞன் என்று பேராசிரியர் எழுதினார். மார்ச் மாதம் உத்தியோகம் நிரந்தரமான செய்தி வந்தது. அதை ஹபீல் யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்கு அது தானாகப் போய்ச் சேர்ந்தது.

மாமியின் இத்தா முடிந்த கிழமை அவன் கொழும்பிலிருந்து வந்தான். இந்தத் தரம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று ரயிலில் வரும்போதே முடிவு கட்டியிருந்தான். மாமி அடுப்படியில் இருந்தாள். பகல் சாப்பாட்டுக்கு நில்லு, உன் உத்தியோகத்துக்கு ஒரு பாத்திஹா ஓதிச் சோறாக்குகிறேன் என்று அங்கிருந்தே சத்தம் போட்டாள். ஹபீல் நடு அறைக் கதிரையில் உட்கார்ந்தான். உள்ளறை வாசலில் திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் ஆள் வந்து நிற்பது கீழே தெரிந்த பாதத்தில் தெரிந்தது.

"மச்சான்" என்றாள் றம்லத். ஏழெட்டு வருசத்துக்குப் பிறகு அவள் அவனோடு பேசுகிறாள். "உம்மாட்ட என்ன செல்லப் போறீங்க?"

நடந்ததைச் சொல்லப் போகிறேன் என்றான்.

"என்ன நடந்தது?"

அவன் சொன்னான். வரியை எழுதியதைச் சொன்னான். அப்போது இந்த வீடு ஞாபகம் வந்ததைச் சொன்னான். வெட்டியதைச் சொன்னான். பெரியதம்பியைக் கை காட்டியது தான்தான் என்பதையும், மாமி ஆளனுப்பியது கலியாணப் பேச்சுக்கு என்று நினைத்துத்தான் வராமல் இருந்தான் என்பதையும் சொன்னான். சொல்லும்போது அடுப்படியில் மாமி தேங்காய் திருவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. 

"நான் வந்தேன்" என்றாள் றம்லத்.

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"பக்கத்து ஊட்டு ரபீகாட்ட போறேன்டு உம்மாட்ட பொய் சென்னேன். கொடயப் புடிச்சிக்கிட்டு, தலைய மூடிக்கிட்டு, ஹிதாயாவத் தூக்கிக்கிட்டு கிட்டங்கிக்கு வந்தேன். அவ்வளவு ஆம்புளைகளுக்கு நடுவுல நின்டேன். அன்டைக்குக் காய்ச்சல் விட்ட நாளு. புள்ள சிரிச்சிக்கிட்டு ஈந்தா. நீ ஊட்டுக்குப் பெரியவளான்டு கிளாக்கர் கேட்டாரு. இல்ல, உம்மா இத்தாவுலன்டேன். சுகமில்லயான்டாரு. சுகம்தான், இத்தான்டேன். அப்ப அவ வரட்டும்டாரு. சட்டம் போட்டவரு எங்க, எங்கட ஊட்டு ஆளு அவருன்டேன். அவரு கண்டில கூட்டத்துல பேசப் பெய்த்தாருன்டாங்க."

ஹபீல் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். கூட்டத்தில் சபை சிரித்த சத்தம் அவன் காதில் கேட்டது.  பிறகு, தான் வந்த இன்னொரு காரியத்தையும் சொன்னான். அவளுக்குச் சம்மதம் என்றால் இந்த மாதமே கலியாணத்தை வைத்துக்கொள்வோம் என்றான்.

"எதுக்கு?"

அவன் திரைக்குக் கீழே தெரிந்த பாதத்தைப் பார்த்தான்.

"ஹிதாயா ஈந்தா இதக் கேட்டீப்பீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப வேணாம்" என்றாள் றம்லத். குரலில் கோபம் இல்லை. அவன் கோபத்தை எதிர்பார்த்து வந்திருந்தான். "ஒங்களுக்கு மனசு சரியில்லன்டு என்னக் கட்டிக்கிட்டா, நான் காலம் முழுக்க அதப் பாத்துக்கிட்டு ஈக்கோணும். எனக்கு ஏலாது. இன்னொன்டு. உம்மாட்ட செல்லாதீங்க."

சொல்லாமல் எப்படி இருப்பது என்றான். தன்னால் முடியவில்லை என்றான்.

"ஒங்களுக்கு ஏலாதுன்டு எனக்குத் தெரியும். உம்மாக்கு வாப்பாவும் இல்ல, ஹிதாயாவும் இல்ல. எங்கட புள்ள, எங்கட புள்ளன்டு ஒங்களச் செல்லிச் செல்லித்தான் அவ காலயில எழும்புறா. அதயும் நீங்க எடுத்துட்டுப் போனா, நீங்க கொழும்புக்குப் பெய்த்துடுவீங்க. இங்க அவளோட ஈக்கிறவ நான். செல்லிட்டா ஒங்களுக்கு லேசாகிடும் மச்சான். அவளுக்கு?"

பாதம் இரண்டும் திரைக்குக் கீழிருந்து விலகிப் போயின. கொஞ்ச நேரத்தில் மாமி பாயை விரித்து, பெரிய சஹன் தட்டில் சோற்றைக் கொட்டிக்கொண்டு வந்து வைத்தாள். வெள்ளை உடுப்பை மாற்றி நீலக் கம்பாயம் உடுத்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். நெய்ச்சோறும் கோழிக் கறியும் பலாக்காயும் மணந்தன. கையைக் கழுவத் தண்ணீர் ஊற்றிவிட்டு, இரண்டு கையையும் ஏந்தி மாமாவுக்காகவும் ஹிதாயாவுக்காகவும் துஆ கேட்டாள். பிறகு ஹபீலின் உத்தியோகத்துக்காகவும் அதே மூச்சில் கேட்டாள். அவன் ஆமீன் சொன்னான்.

அவனுக்கு எதிரே குந்திக்கொண்டு மாமி கறியை அள்ளி வைத்தாள்.

"இப்ப மத்த ஊருகள்லயும் இத்தாவுல ஈக்கிறவங்களுக்கு அரிசி ஊட்டுக்கே போகுதாமே மகன். எனக்கும் கோடி ஊட்டு மனிசிக்கும் இத்தா முடியுமட்டும் பெரியதம்பிதான் கொண்டாந்து குடுத்தான். அதுவும் ஒன்ட சட்டம்தானாமே. மோதினார் பள்ளியில எல்லாருக்கும் சென்னாராம். தொரமாரு அத்தன பேரு ஈந்தும், எங்களப் போல உள்ளுக்கு ஈக்கிற பொம்புளகள நெனச்சுப் பாத்தது ஒருத்தன்தான், அது எங்கட ருக்கியா வளத்த புள்ளன்டு."

ஹபீல் நிமிர்ந்தான். உள்ளறைத் திரை அசையாமல் தொங்கியது. சொல்ல வேண்டியது முழுவதும் நாக்கு நுனியில் இருந்தது. மாமி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், உப்புக் காரம் சரியாக இருக்கிறதா என்று கேட்கிற முகத்தோடு.

"நல்லா ஈக்கி மாமி" என்றான்.

அவள் இன்னும் ஒரு அகப்பை சோறு வைத்தாள். போதும் என்று அவன் சொல்லவில்லை. அவள் வைக்க வைக்கச் சாப்பிட்டான்.